பட்ஜெட் திரைக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவுகள்: வீட்டுக் கணக்கை மென்பொருளில் அமைத்த அனுபவம்

வீட்டு வரவு செலவைக் கணினியில் எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப் போவது பட்ஜெட் என்ற திரையைத்தான். எந்தச் செலவுக்கு மாதம் எவ்வளவு என்று அதில் நிரப்பிவிட்டால் திட்டம் தயாராகிவிடும் என்று தோன்றுவது இயல்பு. நானும் என் கணவரும் சில ஆண்டுகளாகக் குனுகேஷ் என்ற கட்டற்ற மென்பொருளில் எங்கள் வீட்டுக் கணக்கை எழுதி வருகிறோம். இந்த ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்து உண்டு. செலவுத் தலைப்புகளை எப்படிப் பிரிக்கிறோம், கடன் தவணையை எந்தக் கணக்கில் எழுதுகிறோம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுக்கு எங்கே இடம் ஒதுக்குகிறோம் என்ற முடிவுகள் சரியாக இருந்தால், பட்ஜெட் திரையில் எண்களை நிரப்புவது ஒரு மாலை நேர வேலைதான். அவை சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் அந்தத் திட்டம் இரண்டாவது மாதத்திலேயே நடைமுறையோடு ஒட்டாமல் போய்விடும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் முதலில் பார்த்தது, கணக்கு விவரங்கள் யார் கையில் இருக்கும் என்பதை. மைக்ரோசாஃப்ட் மணி பல ஆண்டுகள் பலரது வீட்டுக் கணக்கைச் சுமந்த மென்பொருள். அதன் விற்பனை 2009-இல் நிறுத்தப்பட்டது. 2007-இல் தொடங்கிப் பெரும் எண்ணிக்கையில் பயனர்களைப் பெற்ற மின்ட் என்ற இணைய வரவு செலவுச் சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. வீட்டுக் கணக்கு என்பது பத்து, இருபது ஆண்டுகள் தொடர வேண்டிய பதிவு. ஆகவே எந்தச் செயலியாக இருந்தாலும், எல்லாப் பதிவுகளையும் பொதுவான கோப்பு வடிவத்தில் வெளியே எடுக்க முடிகிறதா என்பதை முதல் நாளிலேயே செய்து பார்த்துவிட வேண்டும். குனுகேஷில் கோப்பு நம் கணினியிலேயே இருக்கிறது. சேமிக்கும்போது நாள், நேரம் குறித்த பழைய பிரதிகளையும் அதுவே வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பிரதிகளும் அதே கணினியில்தான் கிடக்கும் என்பதால், வாரம் ஒருமுறை வேறொரு இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறோம்.

குனுகேஷ் இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது. எந்தத் தொகையும் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போக வேண்டும்; அந்தரத்தில் நிற்க முடியாது. சொத்து, கடன், மூலதனம், வரவு, செலவு என்ற ஐந்து வகைகளுக்குள் எல்லாக் கணக்குகளும் அடங்கிவிடுகின்றன. கணக்கியல் படிக்காதவர்களுக்கு இது முதலில் மிரட்சியாக இருக்கலாம். ஆனால் குடும்ப பட்ஜெட்டுக்கு இந்த முறை தரும் நன்மை மிகப் பெரியது: கையிலிருந்து பணம் போவதும், நாம் உண்மையிலேயே செலவழிப்பதும் வேறு வேறு என்பதை இது ஒவ்வொரு பதிவிலும் காட்டிக்கொண்டே இருக்கிறது. பணப்பொறியில் எடுத்த தொகை செலவல்ல. வங்கிக் கணக்கிலிருந்து ரொக்கக் கணக்குக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடனின் அசலைத் திருப்பிக் கட்டியதும் செலவல்ல. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

புதிய கோப்பைத் தொடங்கும்போது குனுகேஷ் ஆயத்தக் கணக்குப் பட்டியல் ஒன்றைத் தர முன்வருகிறது. அது மிக நீளமானது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. செலவுத் தலைப்புகளைத் தீர்மானிக்க நாங்கள் ஒவ்வொரு தலைப்பின் முன்னும் ஒரே கேள்வியை வைத்தோம்: ‘இந்தத் தொகை அடுத்த மாதம் கூடிவிட்டால் நாம் என்ன செய்வோம்?’ இரண்டு தலைப்புகளுக்கும் ஒரே பதில் வந்தால் அவற்றை ஒன்றாக்கிவிட்டோம். ஒரே தலைப்புக்குள் இரண்டு வெவ்வேறு பதில்கள் வந்தால் அதைப் பிரித்தோம். சமையலுக்கு வாங்கும் பொருள்களைக் காய்கறி, தானியம், பால் என்று தனித்தனியாக எழுதிப் பார்ப்பது சுவாரசியமாக இருக்கலாம். ஆனால் எது கூடினாலும் நாங்கள் செய்யப்போவது கடைப்பட்டியலை ஒருமுறை சேர்ந்து பார்ப்பதுதான் என்பதால், அவை மூன்றும் ஒரே தலைப்பாயின. வெளியில் சாப்பிடும் செலவு கூடினால் எடுக்கும் முடிவு வேறு. அதனால் உணவு என்ற பொதுத் தலைப்பின் கீழ் அது தனித் துணைக்கணக்காக இருக்கிறது. மருத்துவத்தில், மாதந்தோறும் வாங்கும் மருந்துகளும் எதிர்பாராமல் வரும் சிகிச்சைச் செலவும் ஒரே தலைப்பில் இருந்தால் சராசரி பொருளற்றதாகிவிடும். அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறோம்.

பொதுத் தலைப்புகளில் நேரடியாகப் பதிவு விழாமல் தடுக்க ஒரு வசதி உண்டு. அந்தக் கணக்கை வெறும் இடங்காட்டி என்று குறித்துவிட்டால், அதன் துணைக்கணக்குகளில் மட்டுமே எழுத முடியும். இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவசரத்தில் எழுதுகிறவர் ‘உணவு’ என்றே எழுதிவிட, ஆண்டு முடிவில் எதற்கும் சேராத ஒரு தொகை அங்கே தேங்கி நிற்கும். ‘இதர செலவு’ என்ற தலைப்பையும் நாங்கள் வைத்திருக்கிறோம். அது தொடர்ந்து பெருத்துக்கொண்டே போனால், புதிய தலைப்பொன்று தேவைப்படுகிறது என்று பொருள்கொண்டு அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம்.

ஒரு பெரிய கடையில் வாங்கிய பொருள்களுக்கான ரசீது ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 3,200. அதில் சமையல் பொருள் 2,100, வீட்டைச் சுத்தம் செய்யும் பொருள்கள் 450, பிள்ளைக்கு எழுதுபொருள்கள் 250, நண்பர் ஒருவருக்கான அன்பளிப்பு 400. இதை ஒரே வரியில் சமையல் என்று எழுதினால் பட்ஜெட் அறிக்கையில் சமையல் செலவு மிகுந்து தெரியும். அதைப் பார்த்து நாம் எடுக்கும் முடிவும் பிழையாகும். குனுகேஷில் இதற்குப் பிரிப்பு என்ற வழி இருக்கிறது. ஒரே பதிவுக்குள் நான்கு வரிகளாகப் பிரித்து எழுதினால், கிரெடிட் கார்டு கணக்கில் 3,200 என்றும் நான்கு செலவுத் தலைப்புகளில் அவற்றுக்குரிய தொகை என்றும் விழுந்துவிடும். கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் மீதியைச் சமனின்மைக் கணக்கு ஒன்றில் அது தானாகவே எழுதி வைக்கும். அந்தக் கணக்கின் இருப்பு எப்போதும் சுழியமாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வாராந்தர வழக்கம். ஆனால் எல்லா ரசீதையும் இப்படிப் பிரிக்கத் தேவையில்லை. வேறு தலைப்பைச் சேர்ந்த பொருள் மிகச் சிறிய தொகையாக இருந்தால் பெரும்பான்மைத் தலைப்பிலேயே விட்டுவிடுகிறோம். எழுதுகிறவர் சலித்துப்போய் நிறுத்திவிடும் அளவுக்கு நுணுக்கம் கூடாது.

சம்பளப் பதிவையும் இப்படித்தான் எழுதுகிறோம். வங்கியில் வந்து சேர்ந்த தொகையை மட்டும் வரவாக எழுதாமல், சம்பளச் சீட்டில் உள்ள மொத்தச் சம்பளத்தை வரவாகவும், வரிப் பிடித்தத்தைச் செலவாகவும், ஓய்வூதியச் சேமிப்புக்கான பிடித்தத்தைச் சொத்தாகவும் பிரித்து எழுதினால், கண்ணில் படாமலேயே நடக்கும் சேமிப்பும் கணக்கில் தெரிய வரும். அதை ஒருமுறை மாதாந்தரத் திட்டப் பதிவாக, அதாவது குறித்த நாளில் மீண்டும் மீண்டும் வரும் பதிவாக, அமைத்துவிட்டால் பிறகு தொகைகளை மட்டும் மாற்றினால் போதும்.

கிரெடிட் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். கார்டு என்பது கடன் வகையைச் சேர்ந்த கணக்கு. பொருளை வாங்கிய நாளிலேயே, உரிய செலவுத் தலைப்பில், கார்டு கணக்கின் பேரில் செலவை எழுத வேண்டும். மாத முடிவில் கார்டுக்குக் கட்டும் தொகை வங்கியிலிருந்து கார்டுக்குப் போகும் இடமாற்றம் மட்டுமே. அது பட்ஜெட்டில் செலவாக வரவே கூடாது. கட்டும்போதுதான் எழுதுவேன் என்றால், சென்ற மாதச் செலவு இந்த மாதத்தில் விழும். எந்தத் தலைப்பில் போனது என்பதும் ஒரே மொத்தத் தொகைக்குள் மறைந்துவிடும். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் திரும்பி வந்தால், அதையும் வரவு என்று எழுதாமல் அதே செலவுத் தலைப்பில் கழிவாக எழுதுகிறோம். அப்போதுதான் அந்தத் தலைப்பின் உண்மையான நிலை தெரியும்.

கடன் தவணையில் வட்டி மட்டுமே செலவு. அசல் கடன் கணக்கைக் குறைக்கிறது. மாதத் தவணை 10,000 என்றால், இந்த மாதம் அதில் 6,000 வட்டியாகவும் 4,000 அசலாகவும் இருக்கலாம். நிலுவை குறையக் குறைய வட்டிப் பங்கு சுருங்கி அசல் பங்கு வளரும். இதைக் கணக்கிட்டு எழுதும் வழிகாட்டி குனுகேஷிலேயே இருக்கிறது. வட்டி விகிதம் மாறக்கூடிய கடனாக இருந்தால், கடன் கொடுத்தவர் தரும் அறிக்கையோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். பட்ஜெட் என்று வரும்போது இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செலவுத் தலைப்புகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் அசலாகப் போகும் 4,000 கணக்கிலேயே வராது. கையில் மிஞ்சுவது உண்மையைவிட அதிகமாகத் தெரியும். அதனால் பட்ஜெட்டில் கடன் கணக்குக்கும் தொகை எழுத வேண்டும். பட்ஜெட் திரையின் அடிப்பகுதியில் வரவு, செலவு, இடமாற்றம், ஒதுக்க எஞ்சியிருப்பது என்று மொத்தங்கள் காட்டப்படுகின்றன. எஞ்சியிருப்பது சுழியம் ஆகும்வரை ஒதுக்குவது எங்கள் முறை. மிச்சப்படுவது என்று ஒன்று தனியாக இல்லை; சேமிப்புக் கணக்குக்கும் ஒரு தொகை பெயர் சொல்லி எழுதப்படுகிறது.

கணக்குகள் தயாரான உடனேயே பட்ஜெட் எண்களை நிரப்பாமல், மூன்று மாதங்களாவது செலவுகளை எழுதி மட்டும் வருமாறு யார் கேட்டாலும் சொல்வேன். வங்கி அறிக்கைகள் கையில் இருந்தால் கடந்த மாதங்களின் பதிவுகளை உள்ளே கொண்டுவந்தும் இதைச் செய்யலாம். பழைய பதிவுகள் இருந்தால், பட்ஜெட் திரையில் உள்ள மதிப்பீடு என்ற வசதி அவற்றிலிருந்தே ஒவ்வொரு தலைப்புக்கும் தொகையை எடுத்து நிரப்பித் தரும். சராசரியாக எடுக்கவும் சொல்லலாம். அதை அப்படியே வைத்துக்கொள்வதற்காக நாங்கள் இதைப் பயன்படுத்தவில்லை. மனக்கணக்கில் சொல்லும் தொகைக்கும் பதிவுகள் சொல்லும் தொகைக்கும் எங்கே பெரிய இடைவெளி இருக்கிறதோ அங்கேதான் பேச வேண்டிய பொருள் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

இனி ஆண்டுச் செலவுகள். காப்பீட்டு பிரீமியம், சொத்து வரி, பள்ளிக் கட்டணம், வாகனப் பராமரிப்பு ஆகியவை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வரும் மாதமும் பெரும்பாலும் தெரியும். ஆனாலும் மாத பட்ஜெட்டில் அவற்றுக்கு இடமில்லாததால், அவை வரும் மாதத்தில் திட்டமே குலைந்தது போன்ற உணர்வு ஏற்படுகிறது. நாங்கள் செய்தது இது. சேமிப்புக் கணக்கின் கீழ் ‘காப்பீட்டுக்கு’, ‘பள்ளிக்கு’, ‘வாகனத்துக்கு’ என்று துணைக்கணக்குகளைத் திறந்தோம். வங்கியில் இருப்பது ஒரே கணக்குதான். இந்தப் பிரிவு எங்கள் கோப்புக்குள் மட்டுமே இருக்கிறது. ஆண்டு பிரீமியம் 12,000, அதைக் கட்டுவது ஆண்டின் கடைசி மாதத்தில் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 1,000 சேமிப்பிலிருந்து ‘காப்பீட்டுக்கு’ என்ற துணைக்கணக்குக்கு மாறும்படி ஒரு திட்டப் பதிவு இருக்கிறது. பட்ஜெட்டில், முதல் பதினொரு மாதங்களுக்கு அந்தத் துணைக்கணக்கில் தலா 1,000 என்று எழுதுகிறோம். கடைசி மாதத்தில் செலவுத் தலைப்பில் 12,000 என்றும், துணைக்கணக்கில் 11,000 குறைவு என்றும் எழுதுகிறோம். இதனால் பிரீமியம் கட்டும் மாதமும் மற்ற மாதங்களைப் போலவே 1,000 சுமையோடு கடந்துவிடுகிறது. அதே நேரத்தில் செலவு எந்த மாதத்தில் நடந்தது என்ற உண்மையும் அறிக்கையில் மாறாமல் இருக்கிறது.

முதல் ஆண்டில் முழுப் பன்னிரண்டு மாதங்கள் கிடைக்காது. பிரீமியம் நான்கு மாதங்களில் வருகிறதென்றால், முதல் தவணைக்கு நான்கால் வகுத்து மாதம் 3,000 என்று ஒதுக்க வேண்டும். அது முடிந்த பிறகே பன்னிரண்டால் வகுக்கும் வசதி கிடைக்கும். ஆண்டுச் செலவுகள் பல ஒரே பருவத்தில் வந்து குவிகிற குடும்பத்துக்கு முதல் ஆண்டு நெருக்கடியாகத்தான் இருக்கும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. செலவை அப்படியே பன்னிரண்டாக வகுத்துச் செலவுத் தலைப்பிலேயே மாதம் 1,000 என்று எழுதிவிடும் எளிய முறையும் உண்டு. ஆண்டு மொத்தம் சரியாகவே வரும். ஆனால் பதினொரு மாதங்கள் ‘மிச்சம்’ என்று காட்டும் தொகை உண்மையில் மிச்சமானதல்ல என்பதை எப்போதும் நினைவில் வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். வேறு தேவைக்கு அந்தப் பணத்தைத் தொடத் தோன்றும் நேரத்தில், ‘காப்பீட்டுக்கு’ என்ற பெயரைப் பார்த்துவிட்டுத் தொடுவதற்கும் பெயரில்லாத இருப்பைத் தொடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அதனாலேயே துணைக்கணக்கு முறையை நான் விரும்புகிறேன்.

வருமானம் மாதத்துக்கு மாதம் மாறினால், வரப்போகும் தொகையை ஊகித்து பட்ஜெட் போடுவது கடினம். என் வருமானம் அப்படிப்பட்டது. கணவருக்கு நிலையான சம்பளம். ஆகவே சென்ற மாதம் உண்மையில் வந்து சேர்ந்ததை வைத்து இந்த மாதத்தை நடத்துவது என்று முடிவு செய்தோம். இதற்கு ஒரு மாதச் செலவுக்கான இருப்பு முன்கூட்டியே தேவை. அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். சேர்ந்த பிறகு, விடுமுறையால் சம்பளம் ஒருநாள் முன்பின்னாக வந்து ஒரே மாதத்தில் இரண்டு சம்பளங்கள் விழுவது போன்ற சிக்கல்களும் பொருட்டில்லாமல் போயின.

எழுதியது சரிதானா என்று வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை மாதம் ஒருமுறை கட்டாயம் செய்கிறோம். அறிக்கையின் இறுதி இருப்பையும் தேதியையும் கொடுத்து, ஒவ்வொரு பதிவாகக் குறித்துக்கொண்டே போனால், கடைசியில் வேறுபாடு சுழியம் ஆக வேண்டும். மேலே சொன்ன துணைக்கணக்குகள் இருந்தால், அவற்றையும் சேர்த்துச் சரிபார்க்கும் தெரிவைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் வங்கி இருப்போடு ஒருபோதும் பொருந்தாது. வேறுபாடு வந்தால் அந்த எண்ணே பிழை எங்கே என்று ஓரளவு சொல்லிவிடும். அது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், ஏதோ ஒரு தொகையில் அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 1,540 என்பதை 1,450 என்று எழுதினால் வேறுபாடு 90. வேறுபாட்டின் சரிபாதி அளவில் ஒரு பதிவு இருந்தால், அது பற்றுக்குப் பதில் வரவில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறுபாட்டுக்குச் சமமான தொகையே தென்பட்டால், அது விடுபட்டதாகவோ இரண்டு முறை எழுதப்பட்டதாகவோ இருக்கும்.

வங்கியிலிருந்து கோப்பைப் பதிவிறக்கி உள்ளே கொண்டுவருவது நேரத்தை மிச்சப்படுத்தும். முந்தைய பதிவுகளைப் பார்த்துத் தலைப்பையும் மென்பொருளே பரிந்துரைக்கும். நிதிப் பரிவர்த்தனைகளுக்கென்றே உள்ள ஓஎஃப்எக்ஸ் வடிவக் கோப்பில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் இருப்பதால் ஒரே பதிவு இரண்டு முறை நுழைவது எளிதில் தடுக்கப்படுகிறது. காற்புள்ளியால் பிரித்த வெறும் வரிகளைக் கொண்ட சிஎஸ்வி கோப்பில் பொதுவாக அந்தப் பாதுகாப்பு இல்லை. அதில் நாள் முதலில் வருகிறதா மாதம் முதலில் வருகிறதா, கழிவுத் தொகைக்குக் குறைக்குறி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஏழாம் தேதிப் பதிவு ஏழாம் மாதத்துக்குப் போய்விட்டால் கண்டுபிடிப்பது கடினம். இருந்தாலும் தொடக்கத்தில் சில மாதங்கள் கையால் எழுதுவதே நல்லது என்பேன். கையால் எழுதும்போதுதான் தலைப்புகள் பொருந்துகின்றனவா என்பது தெரிகிறது.

ரொக்கச் செலவில் மட்டும் நாங்கள் தாராளமாக இருக்கிறோம். பெரிய தொகைகளை எழுதுகிறோம். வார முடிவில் பணப்பையில் இருப்பதை எண்ணி, கணக்கிலுள்ள இருப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைச் சில்லறைச் செலவு என்ற தலைப்பில் எழுதிவிடுகிறோம்.

குனுகேஷ் கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திறந்து எழுத முடியாது. அதனால் எழுதுவது நான். ரசீதுகளைப் படமெடுத்து அனுப்புவது கணவர். ஒவ்வொருவருக்கும் ‘தனிச்செலவு’ என்று ஒரு தலைப்பு உண்டு. அதில் மொத்தத் தொகை மட்டுமே எழுதப்படும். எதற்கு என்று இருவருமே கேட்பதில்லை. இந்த ஒரு ஏற்பாட்டுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். ஒவ்வொரு சிறு செலவுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய வீட்டில் எந்தப் பட்ஜெட்டும் நெடுநாள் நீடிக்காது. மாதத்தின் நடுவில் ஒருநாள் இருவரும் அமர்ந்து பட்ஜெட் அறிக்கையைப் பார்க்கிறோம். திட்டமிட்டது, நடந்தது, வேறுபாடு என்ற மூன்று பத்திகளில், வேறுபாடு பெரிதாக இருக்கும் வரிகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். ஒரு தலைப்பில் கூடிவிட்டால் எந்தத் தலைப்பிலிருந்து அதை ஈடுகட்டுவது என்பதை அப்போதே முடிவு செய்து, இரண்டு எண்களையும் மாற்றிவிடுகிறோம். மொத்தம் மட்டும் மாறக்கூடாது.

ஆண்டு முடிந்ததும் பழைய பட்ஜெட்டைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, புதிய ஆண்டுக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோம். முடிந்த ஆண்டின் பதிவுகளிலிருந்து மதிப்பீடு எடுத்து, தவணை முடிந்த கடன்களை நீக்கி, ஆண்டுச் செலவுகளுக்கான மாத ஒதுக்கீட்டைப் புதிய கட்டணங்களின்படி மாற்றுகிறோம். ஆண்டு முழுவதும் ஓரிரு பதிவுகளே விழுந்த தலைப்புகளைப் பக்கத்துத் தலைப்போடு இணைத்துவிடுகிறோம். ஒரு கணக்கை நீக்கும்போது அதன் பதிவுகளை எந்தக் கணக்குக்கு மாற்றுவது என்று குனுகேஷே கேட்கும். ஆனால் அது பழைய ஆண்டுகளின் அறிக்கைகளையும் மாற்றிவிடும் என்பதால், நீக்குவதற்கு முன் கோப்பை ஆண்டின் பெயரிட்டுத் தனியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டே அதைச் செய்கிறோம்.